கரிச்சானின் வால் பிளந்த கதை

மிருகங்களும் பறவைகளும் மனிதரோடு பேசிப் பழகிய அந்தக் காலத்தில், மலையடிவாரத்தில் சாமை விளையும் ஊர் ஒன்று இருந்தது. அங்கே பொன்னான் என்றொரு பறவை வாழ்ந்தது. அதன் உடம்பு முழுக்க முற்றிய சாமைக் கதிரின் நிறம். வால் ஒரு முழ நீளம். பிளவே இல்லாமல் பனையோலை விசிறிபோல் அகன்றிருக்கும்.

அந்த ஊருக்குக் காவல்காரன் கோப்பையன். ஊருக்கென்று இருந்தது ஒரே ஒரு துப்பாக்கி. ஒரு முழக் குட்டைக் குழாயின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைப் போட்டு, கம்பியால் இடித்துச் சுட வேண்டும். இரண்டு முறை சுட்டால் உள்ளே கரி அப்பிக்கொள்ளும். மூன்றாவது குண்டு பாதி வழியில் நின்றுவிடும். வெந்நீர் ஊற்றிக் கழுவினால்தான் மறுபடி வேலை செய்யும்.

இது மலையில் பன்றிக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய பெரிய பன்றிக்குத் தெரிந்துபோயிற்று. ஒருநாள் வரப்பில் நின்றுகொண்டே அது கோப்பையனிடம் சொன்னது: "உன் குழாய் ரெண்டு தடவதான் கத்தும். அப்புறம் அதுக்குத் தொண்ட அடச்சுக்கும். அப்ப வர்றேன்." சொன்னபடியே வந்தது. கோப்பையன் மூன்றாவது குண்டை இடித்துக்கொண்டிருந்தபோதே அவன் தொடையைக் கிழித்துவிட்டுப் போனது.

அறுவடைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. பன்றி தன் கூட்டத்தோடு வந்தால் ஒரே மாலையில் புஞ்சை முழுவதும் போய்விடும். கோப்பையனின் மனைவி ஒச்சம்மாள் மூலையில் சாய்த்திருந்த துப்பாக்கியை எடுத்தாள்.

"உனக்கெதுக்கு இது? வேற ஆளப் பாக்கச் சொல்லு," என்றான் கோப்பையன், படுத்தபடியே.

"யாரு வருவா? எல்லாரும் உங்க தொடயப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க."

அவள் ஓடைக்கரைக்குப் போய் ஒரு மண்திட்டைப் பார்த்துச் சுட்டுப் பழகினாள். உசிலை மரத்தில் உட்கார்ந்து பொன்னான் வேடிக்கை பார்த்தது.

"அக்கா, பறக்குற ஈசல என் கண்ணு தப்பவிடாது. குண்டும் பறக்குறதுதான? எது வேகம்னு நான் சொல்றேன். நீ மருந்த மாத்தி மாத்திப் போடு," என்றது.

"இதுல உனக்கு என்ன வந்துச்சு?"

"நீ களையெடுக்கும்போது கிளம்புற பூச்சியத் தின்னுதான் என் குஞ்சுங்க வளருது. புஞ்சை போனா நாங்களும் போயிருவோம்."

ஒச்சம்மாள் ஒரு நத்தைக் கூட்டை அளவாக வைத்துக்கொண்டாள். முதலில் கணவன் வழக்கப்படி மூன்று கூடு மருந்து போட்டாள். தோள் அதிர்ந்தது; புகை ஓடையை மூடியது. குழாயைக் கழுவ ஒரு பானை வெந்நீர் செலவானது. கந்தைத்துணி தார்போல் கறுத்து வந்தது.

ஒரு கூடு மட்டும் போட்டபோது குழாய் சுத்தமாக இருந்தது. ஆனால் பொன்னான் தலையை ஆட்டியது. "இது தட்டான் கணக்கா வருது. நானே அலகால கவ்விருவேன். பன்றித் தோல்ல எங்க இறங்கும்?"

இரண்டு கூடு போட்டதும் பொன்னான் கிளையிலிருந்து கீழே இறங்கி வந்தது. "இன்னொரு தடவ மூணு போடு," என்று கேட்டது. அவள் கழுவித் துடைத்து மூன்று போட்டாள். "அக்கா, ரெண்டுக்கும் மூணுக்கும் ஒரே வேகந்தான். மூணாவது கூடு வெறும் புகையாவும் கரியாவும்தான் போகுது."

ஒச்சம்மாள் மண்ணைத் தோண்டி, குண்டு இறங்கிய ஆழத்தை விரலால் அளந்து பார்த்தாள். பறவை சொன்னது சரியாக இருந்தது. இத்தனை வருடம் தன் புருஷன் கரியைத்தான் அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறான் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

மறுநாள் குண்டை இலுப்பை எண்ணெயில் நனைத்த துணியில் சுற்றிப் போட்டாள். அது வழுக்கிக்கொண்டு இறங்கியது. சுட்டபின் ஒரே ஈரத்துணியில் குழாய் பளிச்சென்று ஆனது. அப்படி நான்கு குண்டுகளைச் சுற்றி மடியில் கட்டிக்கொண்டாள்.

அன்று பொழுது சாயும் நேரத்திலேயே பன்றிகள் இறங்கிவிட்டன. ஒச்சம்மாள் இரண்டு முறை சுட்டாள். கூட்டம் தயங்கி நின்றது. "ரெண்டு முடிஞ்சுது, வாங்க," என்று பெரிய பன்றி முன்னால் வந்தது. மூன்றாவதும் வெடித்தது. நான்காவது அதன் காதைக் கிழித்தது. கூட்டம் மலையைப் பார்த்து ஓடியது. பெரிய பன்றி மட்டும் போகவில்லை. இனிமேல் அவளால் சுட முடியாது என்று தெரிந்ததுபோல் சாவகாசமாக நடந்து வந்தது.

அவளிடம் சுற்றாத குண்டு ஒன்றுதான் மிச்சம். கம்பியை விட்டுப் பார்த்தாள். அடியில் கரி தட்டியது. குழாயைத் துடைக்க முந்தானையைக் கிழிக்கப் பார்த்தாள். கெட்டியாக நெய்த துணி, கிழிய மறுத்தது. பன்றி நாற்பது அடியில் இருந்தது.

"குழாயக் கெட்டியாப் புடி," என்றது பொன்னான்.

"வேண்டாம்டா, உள்ள நெருப்பாக் கொதிக்குது."

அதற்குள் பொன்னான் தன் நீண்ட வாலைச் சுருட்டிக் குழாய்க்குள் நுழைத்துவிட்டது. உடம்பைத் திருகித் திருகி அடிவரை துடைத்தது. இறகு கருகும் வாடை வந்தது. வெளியே விழுந்தபோது அதன் மேல் குப்பென்று கரிப்புழுதி கொட்டியது. ஒச்சம்மாள் இரண்டு கூடு மருந்தைக் கொட்டினாள். குண்டு தடையில்லாமல் இறங்கியது. சுட்டாள். பன்றியின் ஒரு கோரைப்பல் முறிந்து வரப்பில் விழுந்தது.

பன்றி நின்று அவளையே பார்த்தது. "உன் குழாய்க்குத் தொண்டையே அடைக்கல," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தது. அப்புறம் அந்தப் பக்கம் அது வரவேயில்லை.

ஒச்சம்மாள் பறவையை மடியில் வைத்துச் சீயக்காய் தேய்த்துக் கழுவினாள். கரி போகவில்லை, குழாயில் ஒட்டியிருந்த இலுப்பை எண்ணெயால் மினுமினுப்புத்தான் கூடியது. வாலின் நடு இறகுகள் கருகிக் குட்டையாகிவிட்டன. இரண்டு ஓரமும் மட்டும் நீண்டு நின்றன.

"எரியுதா?"

"கொஞ்சம்." பொன்னான் மேலே பறந்து, போகிற போக்கில் ஒரு பூச்சியைக் கவ்வ வெடுக்கென்று திரும்பியது. முன்னைவிட எளிதாகத் திரும்ப முடிந்தது. அதற்கே வியப்பாக இருந்தது.

சாமை வீடு வந்து சேர்ந்தது. ஊர்க்காரர்கள் அந்தப் பறவையைக் கரிச்சான் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "உனக்கு என்ன செய்யட்டும்?" என்று ஒச்சம்மாள் கேட்டாள்.

"உசிலை மரம் தூரமா இருக்கு அக்கா. புஞ்சைக்கு நடுவுல உக்கார ஒரு இடம் போதும்."

அடுத்த விதைப்பு வந்தபோது, கோப்பையன் அடிபட்ட காலை இழுத்துக்கொண்டு தானே போய், குறுக்குக் குச்சி கட்டிய ஒரு கழியைப் புஞ்சை நடுவில் ஊன்றினான். பிறகு அதில் வந்து உட்கார்ந்த கரிச்சான் முன் கைகூப்பி நின்றான்.

அன்று முதல்தான் கரிச்சானுக்கு உடம்பு கறுத்து வால் இரண்டாகப் பிளந்தது. அன்று முதல்தான் நாமும் விதைத்த கையோடு அது வந்து உட்காரட்டும் என்று வயலில் கழி நட்டு வைக்கிறோம்.