காற்றுக்கு ஒரு வழி

குட்டி விமானத்துக்குக் கார்பன் ஃபைபர் இறக்கை வார்க்கும் பட்டறையில் மேனேஜர் கனகசபை யாருக்கும் லீவு தரமாட்டார். ரெண்டு வருஷம் கழித்து மஸ்கட்டிலிருந்து புருஷன் வந்து இறங்கும் நாளிலும் ஜெபராணிக்கு, "வேலை முடியட்டும்" என்றுதான் பதில்.

அன்றைக்கு வாடிக்கையாளர்கள் வந்தார்கள். கனகசபை நெஞ்சை நிமிர்த்தினார்.

"ரெசின் பசையை நாலு பக்கமும் விட்டு அடைக்கக் கூடாது. உள்ளே இருக்கிற காத்து வெளியே போக வழி வேணும். இல்லேன்னா நடுவுல மாட்டிக்கும். அந்த இடம் நனையாம காஞ்சே கிடக்கும். அங்கேதான் உடையும்."

"அப்படி ஒரு இடம் இங்கேயே இருக்கு சார்," என்றாள் ஜெபராணி.

கனகசபை பதறிப்போய் இறக்கையைத் தடவினார். "எங்கே?"

"அதுல இல்ல சார்." தன் நெஞ்சைத் தொட்டாள். "என்னை நாலு பக்கமும் அடைச்சிட்டீங்களே."

வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கனகசபை வாசலைக் காட்டி, "போய்ட்டு வாம்மா," என்றார்.

கையுறையைக் கழற்றக்கூட மறந்து ஓடினாள்.