கடப்பாரையை ஒப்படைத்த கிருமி

ஒரு காட்டில் கோடை முற்றிவிட்டது. ஓடைகள் எல்லாம் வற்றிவிட்டன. ஒரே ஒரு குளத்தில் மட்டும் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதற்குப் போகும் வழி யானைக் கூட்டத்தின் தலைவி அங்கயற்கண்ணி ஒன்றுக்குத்தான் தெரியும்.

தலைவி கூட்டத்தை அழைத்துக்கொண்டு புறப்பட்டது. பகல் முழுவதும் நடந்தது. கடைசியில் ஒரு மொட்டைப் பாறையின் முன்னால் நின்று, "குடியுங்கள்!" என்றது.

தலைவி சொல்லைத் தட்டும் வழக்கம் அந்தக் கூட்டத்தில் இல்லை. பதினொரு யானைகளும் பாறையில் தும்பிக்கையை வைத்து உறிஞ்சின.

"தண்ணீர் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது, அக்கா" என்றது தங்கை கோமளம்.

மறுநாள் தலைவி ஒரு புளியமரத்திடம், "மாமியார் சுகமா?" என்று விசாரித்தது. அதன் பிறகே வைத்தியர் தேவாங்குக்கு ஆள் போயிற்று.

தேவாங்கு ஒரு மின்மினியை விளக்காகப் பிடித்துக்கொண்டு காது வழியாக உள்ளே போனது. அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தது.

"மூளையில் கட்டி. விளாம்பழம் அளவு இருக்கிறது."

"வெட்டி எடுத்துவிடுங்கள்!" என்றது கோமளம்.

"வேர் எங்கெங்கோ ஓடியிருக்கிறது. வெட்டினால் குளத்துக்குப் போகும் வழியும் சேர்ந்து வந்துவிடும். ஒரு சளிக்கிருமியை உள்ளே அனுப்பலாம் என்று பார்க்கிறேன்."

"தலையில் கட்டி இருப்பது போதாதா? சளியும் பிடிக்க வேண்டுமா?" என்று கூட்டம் பிளிறியது.

தேவாங்கு அதைக் காதில் வாங்கவில்லை. கிருமியைக் கூப்பிட்டது. தோளில் கடப்பாரையுடன் கிருமி வந்தது. யார் கண்ணுக்கும் அது தெரியவில்லை. இருந்தாலும் மரியாதைக்கு எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள்.

"முன் அனுபவம் உண்டா?"

"போன மழைக்காலத்தில் நாற்பத்திரண்டு குரங்குகளைத் தும்ம வைத்தேன்!"

"நல்லது. கடப்பாரையை இங்கே வைத்துவிட்டு உள்ளே போ."

கிருமிக்கு ரோஷம் வந்துவிட்டது. "இது இல்லாமல் கதவை எப்படி உடைப்பேன்? சொந்தக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?"

"நல்ல உயிரணு ஒவ்வொன்றும் தாழ்ப்பாள் போட்ட வீடு. கட்டியின் உயிரணுக்கள் அவசரத்தில் முளைத்த வீடுகள். அவற்றுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. வெறுங்கையோடு போனால் நீ அங்கே மட்டும்தான் நுழைய முடியும். எனக்கு வேண்டியதும் அதுதான்."

கிருமி முணுமுணுத்துக்கொண்டே கடப்பாரையைக் கொடுத்தது.

அந்த நேரம் பார்த்து நரி வந்தது. வைத்தியர் என்று பெயர் வாங்க வேண்டும் என்பது அதன் நெடுநாள் ஆசை.

"என்ன கோமளம், கடப்பாரையைப் பிடுங்கிப்போட்ட கிருமியையா உன் அக்காவுக்குக் கொடுக்கிறார்கள்? அது டூப்ளிகேட்! என்னிடம் ஒரிஜினல் இருக்கிறது. கடப்பாரையோடு வரும். ஒரே நாளில் வேலை முடிந்துவிடும்!"

கோமளம் தடுமாறியது. குட்டிகள் மூன்று நாளாகப் பனித்துளியை நக்கிக்கொண்டிருந்தன. கடைக்குட்டி எழுந்து நிற்பதையே விட்டுவிட்டது.

"உன் கிருமியிடம் நானே பேசுகிறேன்" என்றது கோமளம். "ஏம்பா, கட்டியை முடித்த பிறகு என்ன செய்வாய்?"

"பக்கத்து வீடு" என்றது ஒரிஜினல்.

"அதற்குப் பிறகு?"

"அதற்குப் பக்கத்து வீடு."

"எதுவரைக்கும்?"

"தெரு தீரும் வரைக்கும், அம்மா. பொய் சொல்வானேன்?"

நரி இருமியது. கோமளம் தேவாங்கின் கிருமியிடம் திரும்பியது. "நீ?"

"நானும் பக்கத்து வீட்டுக்குத்தான் போவேன். பூட்டியிருக்கும். வாசலில் நிற்பேன். காவலர்கள் வந்து அடித்துத் துரத்துவார்கள்."

"உனக்கு வருத்தமாக இல்லையா?"

"தொழில் அப்படி!"

"இதையே அனுப்புங்கள், வைத்தியரே" என்றது கோமளம்.

தேவாங்கு மெல்லிய நாணல் குழல் வழியாகக் கிருமியை உள்ளே இறக்கியது. கிருமி வழி தவறினால் அதை அடக்கக் கொடுப்பதற்கு ஒரு கசப்புத் தழையையும் கையில் தயாராக வைத்துக்கொண்டது. நரி மட்டும் அதைப் பார்த்துச் சிரித்தது.

உள்ளே கிருமி கட்டியின் முதல் வீட்டைத் தள்ளியது. கதவு திறந்தது. உள்ளே போன கிருமி ஒன்று ஆயிரமாயிற்று. வீடு வெடித்தது. சத்தம் கேட்டு, தலைக்குள் தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைக் காவலர்கள் ஓடி வந்தார்கள்.

"யார் நீ?" என்று கட்டியைக் கேட்டார்கள்.

"நான் இந்த வீட்டுப் பிள்ளைதானே! தினமும் பார்க்கிறீர்களே!"

"வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு இத்தனை வீடு?" என்று காவலர்கள் அதைப் பிய்க்கத் தொடங்கினார்கள்.

தலைவிக்குக் காய்ச்சல் அடித்தது. இரண்டு நாள் தேவாங்கைத் 'தாத்தா' என்று அழைத்தது. தேவாங்கு தழையைக் கீழே வைக்கவில்லை, இடத்தை விட்டு நகரவும் இல்லை. யானைகள் வற்றிய ஓடையின் மணலைத் தோண்டி, ஊறிய சேற்றுநீரைக் கடைக்குட்டியின் வாயில் பிழிந்துகொண்டிருந்தன.

பத்தாம் நாள் காலையில் தலைவி எழுந்தது. யாரையும் எதுவும் கேட்கவில்லை. வடக்கே திரும்பி நடந்தது. கோமளம் கடைக்குட்டியை முட்டுக்கொடுத்துத் தள்ளிக்கொண்டு பின்னால் போனது. உச்சிவெயிலில் மூங்கில் புதர் விலகியது. எதிரே குளம்! கடைக்குட்டி தும்பிக்கையை மறந்து முகத்தோடு தண்ணீரில் விழுந்தது.

"கட்டியில் ஒரு துண்டு இன்னும் மிச்சம் இருக்கிறது. மழை முடிந்ததும் மறுபடி பார்ப்பேன்" என்றது தலைவியின் முதுகில் இருந்த தேவாங்கு.

"தாராளமாகப் பாருங்கள், வைத்தியரே. இப்போது இறங்கிக்கொள்ளுங்கள், நான் குளிக்க வேண்டும்!" என்றது அங்கயற்கண்ணி.

நீதி: ஒரு மருந்து எவ்வளவு பலமானது என்று கேட்பதற்கு முன், அது எங்கே நிற்கும் என்று கேட்க வேண்டும்.