அபின்காரனை வணங்கிய யானை

குன்றையூர் மன்னர் உத்தமவழுதி அபினுக்குத் தடை போட்டிருந்தார். அப்படியும் ஊரெங்கும் அபின் புழங்கியது. ஒருநாள் பட்டப்பகலில், கோட்டை வாசல் காவலர்கள் அபின் மயக்கத்தில் எதிரி நாட்டு ஒற்றனுக்கு விசிறிவிட்டு, "மாமா, சாப்பிட்டுவிட்டுத்தான் போகணும்" என்று கெஞ்சிக்கொண்டிருந்ததை மன்னரே பார்த்துவிட்டார்.

விற்றவன் பெயர் குப்பாண்டி. வெல்ல உருண்டைக்குள் அபினை வைத்து விற்பவன். அவனை இழுத்து வந்தார்கள்.

"நான் விற்றது வெறும் வெல்லம், மகாராஜா!" என்று சாதித்தான். சாட்சி சொல்ல வேண்டிய காவலர்களோ நின்றபடியே குறட்டை விட்டார்கள்.

"பட்டத்து யானையின் காலில் போடுங்கள் இவனை!" என்று கத்தினார் மன்னர்.

மைதானத்தில் ஊரே கூடியது. யானை பிளிறிக்கொண்டு வந்தது. குப்பாண்டி கண்ணை இறுக மூடிக்கொண்டான். அவனைக் கண்டதும் யானை நின்றது. காதை ஆட்டியது. முன்னங்காலை மடித்து மண்டியிட்டது! பிறகு அவனைத் துதிக்கையால் தூக்கித் தன் முதுகில் உட்கார வைத்துக்கொண்டது.

"சாமீ!" என்று கூட்டம் தரையில் விழுந்தது.

குப்பாண்டி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தான். உயிர் இருந்தது. உடனே கையை உயர்த்தி ஆசி வழங்கத் தொடங்கிவிட்டான்.

"தெய்வமே தீர்ப்புச் சொல்லிவிட்டது, மகாராஜா! இவருக்கு ஒரு மடம் கட்டித் தர வேண்டும்" என்றார் மந்திரி வீரகண்டர். அவர் குரலில் அவசரம் கொஞ்சம் அதிகமாகவே தெரிந்தது.

மன்னர் அவைப்புலவர் நல்லாண்டானைப் பார்த்தார். "என்னய்யா செய்வது? விட்டால் ஊரே என் எதிரில் அபின் தின்னும். கொன்றால் சாமியைக் கொன்றேன் என்பார்கள்."

"யானை தீர்ப்புச் சொல்லவில்லை, மகாராஜா. சாட்சி சொல்கிறது."

நல்லாண்டான் அரண்மனை வெல்ல உருண்டை ஒன்றை நீட்டினார். யானை முகர்ந்து பார்த்து, அதை மந்திரி மேல் வீசியது. பிறகு துதிக்கையைப் பின்னால் வளைத்து, சாமியின் மடியைத் துழாவி, ஓர் உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. காவலர்கள் அவனைத் தூக்கத்திலேயே சோதனை போட்டிருந்தார்கள் போலும். சற்று நேரத்தில் யானை கொட்டாவி விட்டுப் படுத்தே விட்டது.

"பார்த்தீர்களா? நாட்டிலேயே பெரிய வாடிக்கைக்காரர் இவர்தான்!" என்று யானையைக் காட்டினார் நல்லாண்டான்.

"குற்றம் உறுதி. தண்டனை? யானைதான் இவனை மிதிக்காதே!"

"மிதிக்க வேண்டாம், மகாராஜா. மடியைக் காலி செய்துவிட்டு, யானையின் காலோடு இவனைச் சேர்த்துக் கட்டுவோம். நாளைக் காலையில் யானை எழுந்து உருண்டை கேட்கும். 'இல்லை' என்று இவனே சொல்லட்டும்."

குப்பாண்டி யானை முதுகிலிருந்து குதித்தான். ஓடிவந்து மன்னர் காலில் விழுந்தான். "மூட்டையெல்லாம் மந்திரி வீட்டுக் களஞ்சியத்தில் இருக்கு! என்னைச் சிறையில் போடுங்கள், சாமி!"

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி நல்லாண்டானுக்குப் போட்டார். குப்பாண்டிக்கும் மந்திரிக்கும் பன்னிரண்டு வருடம் கடுங்காவல் என்று தீர்ப்பானது.

மந்திரி அழுதுகொண்டே போனார். குப்பாண்டியோ காவலர்களை முந்திக்கொண்டு சிறைக்கு ஓடினான். உள்ளே புகுந்து, கதவைத் தானே சாத்திக்கொண்டு கேட்டான்:

"ஐயா, இந்தப் பூட்டு யானையைத் தாங்குமா?"