காத்து வாங்கும் இடம்

"குரு, மேடு ஏறினா வண்டிக்கு மூச்சு முட்டுதுங்க," என்றார் சென்னியப்பன்.

கோகிலவாணி நிமிரவில்லை. ஒரு வேனின் கதவில், ஒடுக்கு தெரியாமல் பூசிய பட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சென்னியப்பன் கோயமுத்தூரில் ஒரு மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி மயிலாத்தாள் இறந்த பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரைத் தன் கையாலேயே சரிசெய்ய வேண்டும் என்று கோகிலவாணியின் டிங்கரிங் பட்டறைக்குத் தொழில் கற்க வந்துவிட்டார். கோகிலவாணிக்கு அவருடைய மகள் வயது. கடைவீதியில் பார்த்தால் அம்மிணி என்பார். பட்டறைக்குள் குரு. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்து அவளுக்கும் அலுத்துவிட்டது.

இன்று பையில் ஒரு சாமான் கொண்டுவந்திருந்தார். இன்ஜினை மூடுகிற பானெட்டின் மேல் வைக்கிற ஃபைபர் மூக்கு. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றைப் பிடித்து இன்ஜினுக்கு அனுப்பும்.

"இதைச் சும்மா மேல ஒட்டிரலாங்களா?"

"ஒட்டலாமுங்க. பாக்கறதுக்கு அம்சமா இருக்கும்."

"காத்து?"

"அடியில ஓட்டை இல்லாம மூக்குல எப்படீங்க காத்துப் போகும்?"

சென்னியப்பன் மூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பானெட்டை வெட்டோணும். எங்கேன்னு கோடு போட்டு வைங்க, வர்றேன்."

அவள் வந்தபோது பானெட்டின் ஒரு மூலையில் சாக்பீஸ் கோடு இருந்தது.

"இதுக்கு அடியில என்னங்க இருக்குது?"

"பேட்டரி."

"பேட்டரிக்கு எதுக்குங்க காத்து?"

அழித்தார். எதிர் மூலையில் போட்டார்.

"அங்க தண்ணி டப்பா."

அதையும் அழித்தார். காற்றை இழுக்கிற கார்புரேட்டர் நடுவில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. போன வாரம் அதைக் கழற்றிக் கழுவி மாட்டியதே அவர்தான்.

"நடுவுல போட்டா என்னங்க?"

"நடுவுல பள்ளம் இருக்குது."

கோகிலவாணி உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும்.

"அட, இது ஒரு தட்டுல எந்திரிச்சுக்கும்," என்று சுத்தியலை எடுத்தாள்.

"தட்டாதீங்க!"

பள்ளத்தின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார். நல்லவேளை, கடை காத்து வாங்கிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்க ஆள் இல்லை.

அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"யாருங்க போட்டது?"

"என்ற சம்சாரம்."

கையை எடுக்காமலே சொன்னார்.

"ஞாயித்துக்கெழமையானா, வாங்க, காத்து வாங்கிட்டு வரலாம்பா. வாளையாறு ரோட்டுல போவோம். மதுக்கரை தாண்டி ஒரு புளியமரத்தடியில நிறுத்துவேன். ஏறி இதுமேல உக்காந்துக்குவா. சூடா இருக்குமுல்ல, என்ற துண்டைப் பிடுங்கி மடிச்சுப் போட்டுக்குவா. ஒரு நா தகரம் டொக்குன்னுச்சு. வண்டி போச்சேன்னு கத்துனேன். அவ சிரிச்சா."

கையைப் பள்ளத்தின் மேல் இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டார்.

"வெட்டுனா அதும் போயிருமுங்க. வெட்டாட்டி வண்டி மேடு ஏறாது. அந்த ரோட்டுக்கு இனி நான் போகவே முடியாது."

கோகிலவாணி யோசித்தாள்.

"சீட்டை விட்டுப்போட்டு அவங்க ஏனுங்க மேல வந்து உக்காந்தாங்க?"

"உள்ள புழுங்குதும்பா. இங்க உக்காந்தாத்தான் காத்து வருதாமா."

குரு சாக்பீஸை எடுத்தாள். பள்ளத்தின் மேல் இருந்த அவருடைய கையை விலக்கச் சொல்லவில்லை. அந்தக் கையைச் சுற்றியே கோடு போட்டாள்.

சென்னியப்பன் கோட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

பிறகு கையை எடுத்தார்.

"வெட்டற மெஷினைக் குடுங்க."

அவரே வெட்டினார். பொறி பறந்தது. இரண்டு தடவை நிறுத்தி, பொறி படாமலிருக்க மாட்டிய கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொறிதான் என்றார். குரு கேட்கவே இல்லை.

தகரம் உள்ளே விழாமல் அவள் இடுக்கியால் பிடித்து எடுத்து நீட்டினாள். பள்ளம் அதிலேயே முழுசாக இருந்தது.

"சுடுமுங்க, பாத்து."

அவர் தோள் துண்டை எடுத்தார். இடப்பக்கச் சீட்டில் மடித்துப் போட்டார். அதன்மேல் அந்தத் தகரத்தை வைத்தார். சுற்றி வந்து வண்டியைக் கிளப்பினார்.

"ஏனுங்க, பிசிறு தேய்க்கோணும். மூக்கு இன்னும் மேசை மேலயே கெடக்குது. எங்க கெளம்பிட்டீங்க?"

"காத்து வாங்கிட்டு வந்தர்றோமுங்க," என்றார்.