கீழே இறங்கிக் கேட்ட மலையணில்

ஒரு காட்டில், மழை பொய்த்த ஒரு கோடையில், மலையணில் ஒன்று சும்மா இருக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. அதன் குணமே அப்படி, பிள்ளைகளே. எதைப் பார்த்தாலும் ஏன், எதற்கு என்று கேட்டுவிட வேண்டும். கேட்காவிட்டால் தின்ற பழம் செரிக்காது.

இந்த முறை அதன் மனத்தில் இருந்தது விளையாட்டுக் கேள்வியல்ல. பெரிய மடுவில் தண்ணீர் இருந்தது. யானை குடித்தது, கரடி குடித்தது, காட்டெருமை குளித்தே எழுந்தது. சருகுமான்கள் மட்டும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. முயல் அளவே இருக்கும் அந்தச் சின்ன மான்களின் குட்டிகள், நாக்கு வறண்டு புதரடியில் சாய்ந்து கிடந்தன. காரணம் தெரிந்தால் குட்டிகளைப் பிழைக்க வைக்கலாம் என்று மலையணில் நம்பியது.

ஆனால் அந்தக் காட்டில் நினைத்தவுடன் போய் யாரையும் கேள்வி கேட்டுவிட முடியாது. முன்பு ஒரு நரி, கவுதாரிகளிடம் போய், "முட்டைகள் நலமா? எந்தப் பக்கம் வைத்திருக்கிறீர்கள்?" என்று பாசமாக விசாரித்துவிட்டு, அத்தனையையும் விழுங்கிவிட்டது. அதன் பிறகுதான் சட்டம் வந்தது. யார் யாரைக் கேள்வி கேட்பதானாலும் மன்றத்தின் அனுமதி வேண்டும். மன்றத்துக்கு யானை தலைவர். கரடியும் மயிலும் உறுப்பினர்கள். மூவரும் நல்லவர்கள்தான். சருகுமானிடம் ஒரு வார்த்தை பேசிப் பழகியதில்லை, அவ்வளவுதான்.

"தாராளமாகக் கேள் தம்பி," என்றது யானை. "ஆனால் பேசினால் என்னென்ன ஆபத்து வரலாம் என்று முதலில் ஒன்றுவிடாமல் சொல்லிவிட வேண்டும்."

"யாரும் மிரண்டுவிடாமல் இருக்க நானும் கூட வந்து உட்காருகிறேன்," என்றது கரடி.

"கேட்டதை எல்லாம் சபை நடுவே சொல்லிவிட வேண்டும். ஒளிவுமறைவே கூடாது," என்றது மயில்.

மலையணில் எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. ஒரு தாய்ச் சருகுமானைத் தேடிப் பிடித்தது. மரக்கிளையில் வசதியாக உட்கார்ந்துகொண்டது. கீழே கரடி சப்பணமிட்டு அமர்ந்தது.

"அக்கா, என்னிடம் பேசினால் உங்கள் இருப்பிடம் வெளியே தெரிந்துவிடலாம். உங்களை யாராவது பிடித்துத் தின்றுவிடலாம். உங்கள் குட்டிகளையும்..."

சருகுமான் கரடியின் நகங்களை ஒரு முறை பார்த்தது. மறு நொடி அங்கே தூசிதான் இருந்தது.

"பார்த்தீர்களா? ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை," என்று மன்றத்தில் கரடி பெருமையாகச் சொன்னது. மயில் தோகையை விரித்துப் பாராட்டியது.

"குட்டிகளுக்குத் தண்ணீர் கிடைக்கவில்லையே?" என்றது மலையணில்.

"அது வேறு விஷயம். அதற்குத் தனியாக அனுமதி கேள்," என்றது மயில்.

மலையணிலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சண்டை போடாமல் யோசித்தது. சருகுமானிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று எல்லாரிடமும் பேசியாயிற்று. சருகுமானிடம் மட்டும் பேசவில்லை. உடனே தனியாகப் புறப்பட்டது.

"அக்கா, எப்படிக் கேட்டால் எனக்குப் பதில் சொல்வீர்கள்?"

சருகுமான் புதருக்குள்ளிருந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டியது. "முதலில் கீழே இறங்கி வா. நான் பயந்து நிற்கும் மண்ணில் நீயும் நின்று கேள்."

மலையணில்கள் லேசில் தரையில் கால் வைப்பதில்லை. வைத்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. ஆனாலும் இந்த மலையணில் இறங்கியது.

"இன்னொன்று. சபையில் சொல்லப்போவதை முதலில் என்னிடம் சொல்லிக் காட்டு. நான் வேண்டாம் என்பதைச் சொல்லாதே."

"சரி அக்கா."

சருகுமான் மனம் திறந்தது. மடுவுக்குப் போகும் வழி பொட்டல். ஒளிய ஒரு புதர் கிடையாது. மேட்டில் சிறுத்தை படுத்திருக்கிறது. பாறை இடுக்கில் கசியும் ஊற்றைத்தான் சருகுமான்கள் நக்கிக் குடிக்கின்றன. அதுவும் வற்றப்போகிறது.

மலையணில் உற்சாகமாக ஒத்திகை பார்த்தது. "'பாறை இடுக்கில் சருகுமான்கள் குடிக்கும் ஊற்றை யானை வந்து பெரிதாக்க வேண்டும்.' சரிதானே அக்கா?"

"சரிதான். சிறுத்தையும் சபைக்கு வந்து கேட்டுக்கொள்ளும்."

மலையணிலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தான் யாருக்கும் கெடுதல் செய்யமாட்டோம் என்று அது உறுதியாக நம்பியிருந்தது.

"நாங்கள் இருக்கும் இடத்தை விடு. எங்களுக்கு வேண்டியதைச் சொல்," என்றது சருகுமான். "காய்ந்த ஓடை நெடுக முள்புதர்கள் இருக்கின்றன. அவற்றை ஒட்டி, மணலில் யானை நிறையக் குழிகள் தோண்டட்டும். முள்ளுக்கு அடியில் நாங்கள் நுழைந்து வருவோம். பெரிய உடம்பு நுழையாது. எந்தக் குழிக்கு வருவோம் என்றும் யாருக்கும் தெரியாது."

சபை கூடியது. மலையணில் அதை அப்படியே சொன்னது.

"நல்லது. இப்போது எங்கே குடிக்கின்றன?" என்று மயில் கேட்டது.

"சொல்லமாட்டேன்."

"நிபந்தனையை மீறுகிறாயா?"

பின்வரிசையிலிருந்து சிறுத்தை எழுந்தது. "மயில் சொல்வதுதான் நியாயம். சட்டம் என்றால் சட்டம். எந்த இடம் என்று சொல்லிவிடு தம்பி," என்று உதட்டை நக்கிக்கொண்டது.

மயிலின் தோகை தானாகச் சுருங்கியது.

"தலைவரே," என்றது மலையணில், "உங்கள் அனுமதியை நான் மதிக்கிறேன். ஆனால் சருகுமான் அக்காவின் அனுமதி இல்லாமல் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். தண்டிப்பதானால் தண்டியுங்கள்."

யானை சிறுத்தையை நிதானமாகப் பார்த்தது. பிறகு எழுந்து, ஓடையை நோக்கி நடந்தது. அன்றே மணலில் குழிகள் விழுந்தன, நீர் ஊறியது. குட்டிகள் முள்ளுக்கு அடியில் நுழைந்து வந்து, வயிறு புடைக்கக் குடித்தன.

அதன் பிறகு ஒரு முள்ளம்பன்றி, எலிகளிடம் ஏதோ கேட்க அனுமதி வேண்டி மன்றத்துக்கு வந்தது.

"எலிகள் என்ன சொல்கின்றன?" என்று கேட்டது யானை.

"இனிமேல்தான் கேட்க வேண்டும்."

"அங்கே போய்விட்டு இங்கே வா," என்றது யானை.

நீதி: ஒருவரைக் காக்க விதி செய்வதற்கு முன், அவருக்கு ஆபத்து எது என்று அவரிடமே கேட்க வேண்டும்.