செடி நின்றதா?

ஒரு புதிர் போடுகிறேன், விடை சொல்லிப் பாருங்கள். விளைந்து வீட்டுக்கு வந்ததில் நல்லதாகப் பார்த்து எடுத்து வைக்கிறோம். அதைத் தின்பதில்லை, விற்பதில்லை. தோல் சுருங்கி, மேலெல்லாம் பச்சை பூத்து, முகம் முழுக்கப் பரு கிளம்பும்வரை பார்த்துக்கொண்டே இருக்கிறோம். பிறகு கொண்டுபோய் மண்ணில் புதைக்கிறோம். புதைத்துவிட்டு அழுவதில்லை, தண்ணீர் ஊற்றுகிறோம். அது என்ன?

விதைக்கிழங்கு. உருளைக்கிழங்கில் அடுத்த போகத்துக்கென்று ஒதுக்கி வைப்பது.

மேல்மலையில் ஒரு ஊர். அங்கே வீட்டுக்கு வீடு கொல்லையில் உருளைக்கிழங்குப் பாத்தி இருக்கும். அந்த ஊரில் அருளாயி அம்மா என்று ஒருவர் இருந்தார். வயது நாற்பதுக்குள்தான். மனதில் கேள்வி உள்ளவர்கள் அவரைத் தேடி வருவார்கள். அவர் பெரும்பாலும் கொல்லையில் வேலையாக இருப்பார். வந்தவர்களும் கூடச் சேர்ந்து களை பிடுங்குவார்கள். பதில் வரும்போது வரும்.

விடாமல் வந்த சீடர்கள் இரண்டு பேர். ஒருவர் சங்கிலி. லாரி ஓட்டி ஓய்ந்தவர், அம்மாவைவிட மூத்தவர். மற்றவள் மின்னல்கொடி. பக்கத்து வீட்டுப் பெண், ஆறாம் வகுப்பு படிக்கிறாள். இருவருக்கும் அம்மா தன் கொல்லையிலேயே ஆளுக்கொரு பாத்தி கொடுத்திருந்தார்.

ஒரே மண்ணில் ஒரே விதையைத் திரும்பத் திரும்பப் போட்டால் விளைச்சல் இளைத்துப்போகும் என்பது அந்த ஊர்க்காரர்களின் எண்ணம். அதனால் நடவுக்கு முன்னால் ஒரு நாள் எல்லோரும் கோயில் முன்னால் கூடி விதையை மாற்றிக்கொள்வார்கள். உன் கூடை எனக்கு, என் கூடை உனக்கு. கூடையில் இருப்பதை யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள். எடுத்துப் பார்த்தால் கொடுக்கிறவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள்.

"செடி நின்றதா?"

கிழங்கு தோண்டும்வரை செடி வாடிச் சாயாமல் நின்றதா என்று அர்த்தம். "நின்றது" என்று கொடுக்கிறவர் சொன்னால் கூடை கைமாறும். பிறகு அந்த வருஷம் முழுக்க அந்தக் கிழங்குக்குக் கொடுத்தவர் பெயர்தான். கொல்லர் வீட்டுக் கிழங்கு, தபால்காரர் வீட்டுக் கிழங்கு என்று குழம்பு ஊற்றும்போதுகூடச் சொல்லிச் சொல்லித்தான் ஊற்றுவார்கள்.

மின்னல்கொடி கூடை கொண்டுபோவது இதுதான் முதல் வருஷம். ஊரே 'மின்னல்கொடி கிழங்கு' என்று சொல்லப்போகிறது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

விதை மாற்றத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மூன்று பேரும் அம்மா வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். நேர்வெயில் படாமல் வெளிச்சம் மட்டும் விழும் இடம் அது. அங்கேதான் தட்டுகளில் பரப்பி விதைக்கிழங்கை முளைகட்ட விட்டிருந்தார்கள். மின்னல்கொடி ஒவ்வொரு கிழங்கையும் முளை ஒடியாமல் எடுத்து, பழைய துணியால் ஒற்றித் துடைத்துக் கூடையில் அடுக்கினாள். எல்லாம் கோழிமுட்டை அளவு. முளைகள் குட்டையாக, தடிப்பாக இருந்தன.

"இது என்ன கிழங்கா, கல்யாணப் பொண்ணா?" என்றார் சங்கிலி. "இன்னும் பவுடர் ஒண்ணுதான் பாக்கி."

"உங்க கிழங்குக்கு முகம் எது முதுகு எதுன்னே தெரியல, மாமா. தெரிஞ்சா நானே பூசி விடுவேன்."

"எடுத்து வெச்சவன் மூஞ்சி மாதிரிதானே இருக்கும்?" என்று சங்கிலி தன் கிழங்கு ஒன்றைக் கன்னத்தோடு வைத்துக் காட்டினார். அருளாயி அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மின்னல்கொடி கேட்டாள். "அம்மா, இதுல ரொம்ப நல்லதா கொஞ்சம் பொறுக்கி மேல வைக்கணும். நல்ல விதை எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அம்மா ஒரு தட்டைக் கையில் எடுத்தார். தட்டில் கிடந்த தூசியை ஊதினார்.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றார் சங்கிலி. "நாளைக்குக் கூட்டத்துல உனக்கு வாய் வருமா? அதைப் பார்ப்போம் முதல்ல." தோள்துண்டை எடுத்துத் தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டார். "நான்தான் தபால்காரர் சம்சாரம். எங்க, கூடையை நீட்டு."

மின்னல்கொடி எழுந்து நின்று கூடையை நீட்டினாள்.

"செடி நின்னுச்சாம்மா?" என்று சங்கிலி குரலை மெலிதாக்கிக்கொண்டு கேட்டார்.

"நின்..."

"என்ன புள்ள, கியர் விழலையா?"

மின்னல்கொடி கூடையைக் கீழே வைத்தாள். உட்கார்ந்தாள். "அம்மா, மத்தியானம் சாஞ்ச செடி சாயங்காலம் எழுந்திரிச்சிட்டா, அது நின்ன செடிதானே?" என்றாள்.

"எத்தனை செடி?" என்றார் அம்மா.

"ரெண்டு. கிழங்கு தோண்டறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி. நீங்க ரெண்டு பேரும் அப்போ ஊர்ல இல்ல. மத்தியானத்துல தலை சாய்க்கும், சாயங்காலம் எழுந்திரிக்கும். தாகம்னு நெனச்சு நிறைய ஊத்தினேன். அப்புறம் ஒரு நாள் சாஞ்சது எழுந்திரிக்கல."

"இலை முத்தி மஞ்சளா இருந்துச்சா?"

"இல்லம்மா. பச்சையாவே இருந்துச்சு. பச்சையாவே தொங்கிப்போச்சு."

சங்கிலி முக்காட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த ரெண்டோட கிழங்கு எங்க?" என்றார் அம்மா.

"தோண்டிப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. அதனால..." அவள் கூடையைப் பார்த்தாள். "எல்லாத்தோடயும் சேர்த்துட்டேன்."

"எது எதுன்னு தெரியுமா?"

"தெரியாதும்மா. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

அருளாயி அம்மா எழுந்து உள்ளே போனார். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரும் கத்தியும் கொண்டுவந்தார். "கூடையிலிருந்து ஒண்ணு எடு" என்றார். மின்னல்கொடி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

அம்மா அதை இரண்டாக வெட்டினார். உள்ளே வெள்ளையாக இருந்தது. ஒரு பாதியைக் குச்சியில் குத்தி, வெட்டின முகம் தண்ணீரில் படும்படி டம்ளர் வாயில் தொங்கவிட்டார்.

"சீக்கு இருந்தா வெட்டுன இடத்துலேர்ந்து நூல் மாதிரி பால் இறங்கும்" என்றார்.

மூன்று பேரும் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மாட்டை ஓட்டிக்கொண்டு யாரோ போனார்கள். தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

"அப்பாடா" என்றார் சங்கிலி. "ஒண்ணுமில்ல புள்ள. தாகந்தான்."

மின்னல்கொடிக்கும் மூச்சு வந்தது. ஆனால் அம்மா கத்தியைக் கொண்டுபோய் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரில் போட்டார். அதை அவள் பார்த்துவிட்டாள்.

"தண்ணி தெளிவாத்தானே இருந்துச்சு? கத்தியை ஏன் கொதிக்க வைக்கிறீங்க?"

"நான் பார்த்தது ஒரு கிழங்கை" என்றார் அம்மா.

"அப்போ மத்ததையும் வெட்டிப் பார்த்துடலாமா?"

"பார்க்கலாம். இன்னைக்கு வெட்டுனது நாளைக்கு மாத்தறதுக்கு ஆகாது. வெட்டின முகத்துல தோல் கட்டுறதுக்கே நாள் ஆகும். இப்போ பால் இறங்காததெல்லாம் நல்லதுன்னும் சொல்ல முடியாது."

மின்னல்கொடி சங்கிலியைப் பார்த்தாள். "சீக்கு விதையை நட்டா என்ன ஆகும், மாமா? செடி செத்துடும், அவ்வளவுதானே?"

சங்கிலி தாடையைச் சொறிந்துகொண்டார். "எங்க மச்சான் கொல்லையில ஒரு தடவை அப்படித்தான் ஆச்சு. எங்கேயோ லாரி போன ஊர்லேர்ந்து பளபளன்னு ஒரு கூடை விதை நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். செடி பச்சையாவே தொங்குச்சு. செடி போனா போகட்டும். அந்தச் சீக்கு மண்ணுல இறங்கி உட்கார்ந்துக்கிச்சு. அதுக்கப்புறம் அங்க கிழங்கு இல்ல, கத்தரி இல்ல. இன்னைக்கும் அவர் தக்காளியைக் கடையிலதான் வாங்குறாரு. என்னைப் பார்த்தா ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்லித்தான் டீ கொடுப்பாரு."

யாரும் சிரிக்கவில்லை.

மின்னல்கொடி கூடையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். "நாளைக்குக் கூடை இல்லாமப் போனா எனக்கு விதை கிடைக்காது. இந்த வருஷம் என் பாத்தியில கிழங்கே இருக்காது. பள்ளிக்கூடத்துல எல்லார்கிட்டயும் வேற சொல்லிட்டேன்."

"நாள் பூரா சிரிப்பானுங்க" என்றார் சங்கிலி. "எனக்குத் தெரியும், எங்க வீட்டுப் பயலும் அங்கதானே படிக்கிறான்." பிறகு அவர் தன் கூடையை அவள் முன்னால் தள்ளினார். "இந்தா. என் கிழங்குல பாதியை எடுத்து உன் கூடையில போட்டுக்க. கோணல் மாணலா இருக்கும், ஆனா என் செடி ஒண்ணுகூடச் சாயல. பேரு உன் பேராவே இருக்கட்டும். யாருக்குத் தெரியப்போகுது?"

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. மின்னல்கொடிக்கு அது தெரிந்தது. அவருடைய கிழங்குகளைப் பார்த்தாள். துடைத்தால் அவ்வளவு மோசமாக இருக்காது என்று பட்டது. ஒன்றை எடுத்துத் துணியால் துடைத்தும் பார்த்தாள். பிறகு அதை அவர் கூடையிலேயே வைத்தாள். தன் கூடையிலிருந்து ஒன்றை எடுத்தாள். அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

"அம்மா, நீங்க சொல்லுங்க. இதை என்ன செய்யட்டும்?"

அருளாயி அம்மா டம்ளர் தண்ணீரையும் வெட்டின கிழங்கையும் அடுப்பில் கொதிக்கும் பாத்திரத்திலேயே கொட்டினார்.

"கிழங்கை நானும் பார்த்தேன், அண்ணனும் பார்த்தாரு" என்றார். "செடியைப் பார்த்தது நீ மட்டுந்தான்."

மின்னல்கொடி கையிலிருந்த கிழங்கைக் கூடையில் வைத்தாள். பிறகு தன் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். வெந்நீர் அடுப்பில் விறகு வைத்துத் தீ மூட்டி, கிழங்கு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தீயில் போட்டாள். சங்கிலியின் கூடையிலிருந்து அவள் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை.