இடது காலில் இரண்டு வளையம்

ஆராவமுதன் நாகப்பட்டினத்தில் பல் வைத்தியர். கோணலாக எதைக் கண்டாலும் அவருக்குக் கை துறுதுறுக்கும். ஐம்பத்தெட்டு வயதில் கேமரா வாங்கி, பறவைகளைப் படம் எடுக்கக் கிளம்பினார்.

தன்னைவிடப் பத்து வயது இளையவரான பிலோமினாவிடம் மாணவராகச் சேர்ந்தார். வேதாரண்யம் உப்பளங்களில் பறவைகளைப் பிடித்து, காலில் அடையாள வளையம் மாட்டிப் பறக்கவிடும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவர் பிலோமினா. அவரை இவர் டீச்சர் என்பார், இவரை அவர் டாக்டர் என்பார்.

ஒரு ஞாயிறு காலை ஆராவமுதனின் கேமராவுக்குக் கருவால் மூக்கன் என்ற நீர்ப்பறவை ஒன்று கிடைத்தது. நீண்ட அலகு, ஒரு காலில் மஞ்சளும் நீலமுமாய் இரண்டு வளையம். வீட்டுக்கு வந்து வெளிச்சத்தைக் கூட்டினார். ஓரத்தில் மிதந்த பிளாஸ்டிக் பையை அழித்தார். பறவை இடப்பக்கம் பார்த்து நின்றது. வலப்பக்கம் பார்த்தால் எடுப்பாக இருக்கும் என்று பட்டது. கண்ணாடியில் தெரிவதுபோல் படத்தைத் திருப்பி, பறவைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பாராட்டு குவிந்தது. மனிதர் அன்று இட்லியைக்கூட போனைப் பார்த்தபடியேதான் சாப்பிட்டார்.

மதியம் பிலோமினா அழைத்தார். "டாக்டர், கொஞ்சம் வீடுவரைக்கும் வர முடியுமா?" குரல் சரியாக இல்லை.

போனபோது பிலோமினா அழுது முடித்து முகம் கழுவியிருந்தார். லேப்டாப்பில் அந்தப் படம் பெரிதாகத் தெரிந்தது. பக்கத்தில் ஒரு பழைய நோட்டு. காப்பியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

"இந்த வளையம் எங்க வீட்டுக்காரர் மாட்டினது டாக்டர். பதினாலு வருஷம் ஆச்சு."

கணவர் லூர்துராஜ் இறந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

"எப்படித் தெரியும் டீச்சர்?"

"மஞ்சளும் நீலமும் சேர்த்து மாட்டினது அந்த ஒரு நாள்தான். அன்னிக்கு வலையில ரெண்டே ரெண்டு மூக்கன்தான். ஆளுக்கு ஒண்ணு மாட்டினோம். அவர் மாட்டினா இடது கால், நான் மாட்டினா வலது கால். அவருக்கு இடது வலது எப்பவும் குழம்பும். உள்ளங்கையில பேனாவால 'இ'ன்னு எழுதிக்குவார். பறவையைப் பிடிச்ச ஈரத்துல அது அழிஞ்சுபோகும். மறுபடி என்கிட்ட வந்து கையை நீட்டுவார்."

பிலோமினா சிரித்தார். "அவர் போனப்புறம் அவர் விட்ட பறவை ஒண்ணுகூட என் கண்ணுல படல. இன்னிக்கு நீங்க காட்டிட்டீங்க."

ஆராவமுதன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். அசல் படம் அவருடைய கேமராவில் மட்டும்தான் இருந்தது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. டீச்சரின் முகம் இவ்வளவு சந்தோஷமாக இருந்து அவர் பார்த்ததே இல்லை. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. சும்மா இருக்கவும் முடியவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கவா?"

"கேளுங்க."

"படத்தைத் திருப்பிப் போடுறது தப்பா? ஒரு இறகுகூடக் கூட்டுறதில்ல, குறைக்கிறதில்ல. பறவை பாக்குற பக்கம் மட்டும்தான் மாறும்."

பிலோமினா அவரைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார்.

"இது திருப்பினதா?"

"ஆமா டீச்சர். அது நிஜத்துல வலது கால்."

"அப்ப இது நான் விட்டது." படத்தின் மேல் விரலை வைத்தார். "நல்லா இருக்கட்டும்."

ஆராவமுதனுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. "மன்னிச்சுடுங்க டீச்சர். குரூப்ல இப்பவே சொல்லிடுறேன், அசல் படத்தையும் போட்டுடுறேன்."

"போடுங்க. அதுக்கு முன்னாடி இங்க ஒரு வேலை இருக்கு."

நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார். பதினாலு வருஷத்துக்கு முந்தைய பக்கம். லூர்துராஜின் கையெழுத்தில் அவர் விட்ட மூக்கனைப் பற்றி ஒரு வரி, மை மங்கிப்போயிருந்தது. அதற்கு நேரே பிலோமினா அந்த ஞாயிற்றுக்கிழமைத் தேதியைப் போட்டு, 'உயிரோடு இருக்கிறது' என்று எழுதியிருந்தார்.

பேனாவைத் திறந்து நீட்டினார்.

"நான் எழுதினதை நீங்களே அடிச்சுடுங்க டாக்டர். எனக்குக் கை வரமாட்டேங்குது."